மெஷின் எடுக்காத செக்

லெட்சுமி அக்காவின் செக்கை லெமினேட் பண்ணிக் கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோர்வூட் பஜாரில் இதைப் பற்றி என் காதுபடப் பேசியவர்கள் உண்டு. முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் அதைவிட அதிகம். "இங்கிலீசுல லெட்டர் அடிக்கிறான், ஒரு செக்கப் பாத்தா தெரியாதா இவனுக்கு?" என்று கேட்டவர்களில் ஒருவராவது தன் ஆயுளில் ஒரு செக்கைக் கையால் தொட்டிருப்பாரா என்றால் கிடையாது. நானும் தொட்டதில்லை. என் கடைக்கு வருகிறவர்கள் ஒரு போட்டோ கொப்பிக்குக்கூடச் சில்லறை பொறுக்கிக் கொடுக்கிறவர்கள். எனக்குச் செக் எழுதித் தர இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

என் பெயர் ஜூட்சன். கடைக்கும் அதே பெயர்தான், கூட கொமியூனிகேஷன் என்று ஒரு வால். போட்டோ கொப்பி, லெமினேட், போன் ரீலோட், சிங்களத்திலும் இங்கிலீசிலும் கடிதம். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு எந்தக் கந்தோருக்கு, அதாவது ஆபீசுக்குப் போனாலும் ஒரு கடிதம் வேண்டும். அவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் வேறு பாஷையில் அடித்துக் கொடுப்பேன். பதினைந்து வருடமாக இதுதான் பிழைப்பு. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பார்கள். வரும்தான். ஒரே கடிதத்தை ஒரே ஆளுக்காக ஏழு தடவை அடித்துப் பாருங்கள், உங்களுக்கும் வரும்.

லெட்சுமி அக்கா முதன்முதலில் என் கடைக்கு வந்தபோது கையில் புருஷனுடைய மரணச் சான்றிதழ் இருந்தது. நல்லமுத்து அண்ணன் மலையில் புல்லுக்கு மருந்தடிக்கும்போது குளவிக்கூடு கலைந்து, கொட்டு வாங்கி, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார். அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்போடு மகள் தனுஜா. அழுதழுது முகம் வீங்கியிருந்தாலும் அக்கா சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"தண்ணி படாம போட்டுக் குடுங்க தம்பி."

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. தனுஜாவின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிக் கார்டு, ஓ.எல்., ஏ.எல். பரீட்சை ரிசல்ட், தன் சேமலாப நிதிக் கடதாசி, ஏன், கோயில் திருவிழாவுக்குக் காசு கட்டிய ரசீதைக்கூடக் கொண்டுவந்தார். "அக்கா, இந்த ரசீத எந்த எம்பசியில காட்டப் போறீங்க?" என்று கேலி பண்ணினேன். "ஒங்களுக்கென்ன தம்பி தெரியும்" என்று சொல்லிவிட்டுக் காசைக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

எனக்குத் தெரியாதுதான். பிறகு ஒருநாள் கரண்ட் இல்லாமல் கடைக்குள் உட்கார்ந்திருந்தபோது அவரே சொன்னார். அவருடைய அப்பா குடும்பத்துப் பிரஜாவுரிமைக் கடதாசிகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தாராம். லயம் என்கிற அந்தத் தோட்டத்து வரிசை வீட்டின் கூரை ஓட்டை. ஒரு மழைக்காலத்தில் சொட்டுச் சொட்டாகப் பெட்டிக்குள் இறங்கி, திறந்து பார்த்தபோது எல்லாம் கூழ். பதிவுக்கு வந்த அதிகாரி, கடதாசி இல்லையென்றால் நான் என்ன செய்ய என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாராம். அண்ணன்மார் இரண்டு பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். அப்பா கடைசிவரைக்கும் எந்த நாட்டு ஆள் என்று தெரியாமலே செத்தார். லெட்சுமி அக்காவுக்கு அடையாள அட்டை கிடைத்தபோது வயது முப்பத்தொன்பது. அதுவரைக்கும் அவர் பறித்த கொழுந்துக்குக் கணக்கு இருந்தது, அவருக்கு இல்லை.

இப்படிப்பட்ட ஒருவர் கடதாசியைக் கண்டால் பிளாஸ்டிக்கைத் தேடத்தான் செய்வார்.

இனி காம்பிரா விஷயத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மீதி விளங்காது. தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு அந்தக் கந்தோர் வேலை ஒன்றும் என் கடைக்கு வராது, எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் லயத்துக் காம்பிராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், குடியிருக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ய வேண்டும். அறுபது வயதில் ஓய்வு. வேறு ஆள் இல்லையென்றால் காம்பிராவைக் காலி பண்ண வேண்டும். சாவியைக் கொடுத்தால்தான் சர்விஸ் காசுக்கான செக்கைக் கையில் தருவார்கள். முப்பத்தெட்டு வருடத்து உழைப்பின் காசு, அதையும் ஒரு சாவிக்குப் பதிலாகத்தான் தருவார்கள். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லெட்சுமி அக்காவுக்குப் போன வருடம் தை மாதத்தோடு அறுபது முடிந்தது. தனுஜாவுக்கு இருபத்தொன்று. ஹட்டனில் ஒரு ஃபார்மசியில் வேலை, அதோடு ஞாயிற்றுக்கிழமை மருந்தாளர் வகுப்பு. அவளைப் பதிந்துவிட்டால் காம்பிரா போகாது என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். அக்கா கேட்கவே இல்லை. அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில்தான் இரும்பு மாதிரி நின்றார். தனுஜா கூடை தூக்கக் கூடாது.

"எங்கம்மா தூக்குனாங்க, நான் தூக்குனேன். போதும் தம்பி. இவ முதுகுல ஒரு நா கூட அது ஏறக்கூடாது."

அதற்காக அவர் ஒரு வீடும் பார்த்து வைத்திருந்தார். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைப் பக்கம் போகிற ரோட்டுக்கு மேலே, செல்லசாமி என்ற மேசன் தன் கையாலேயே கட்டிய இரண்டு அறை வீடு. சரிவுதான், ஆனால் உறுதிக் காணி, சொந்தப் பத்திரம் உண்டு. செல்லசாமி மகளோடு கொழும்புக்குப் போகிறார், அதனால் விற்கிறார். சேமலாப நிதிக் காசில் அக்கா அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். மிச்சத்தை மாசி மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். சர்விஸ் காசு வந்தால் சரியாகப் போகும். ஒரு குறையும் இல்லாத திட்டம். அந்த ஒப்பந்தத்தையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன், அதையும் நான்தான் லெமினேட் பண்ணினேன்.

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பகலில் அக்கா கந்தோரில் சாவியைக் கொடுத்துவிட்டுச் செக்கை வாங்கினார். சாமான்களை அதே லயத்தில் ராசம்மா என்ற சிநேகிதியின் காம்பிராவில் போட்டிருந்தார். அங்கே ஏற்கெனவே ஆறு பேர். செல்லசாமி சாவி தரும்வரைக்கும் ஒரு மாதம், சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான். பஸ்ஸுக்கு வந்து நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. பஸ் வரவில்லை. ஹட்டன் பேங்க் மூடுகிற நேரம் தாண்டிவிட்டது. இனித் திங்கட்கிழமைதான். தலையில் ஒரு ஷொப்பிங் பேக்கைக் கவிழ்த்துக்கொண்டு நனைந்தபடியே என் கடைக்கு ஓடி வந்தார். ரவிக்கைக்குள்ளிருந்து சீனிப் பை ஒன்றை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் செக்.

"இத மொத போடுங்க தம்பி. ராசம்மா வீட்டுத் தகரமும் ஒழுகுது. ரெண்டு ராத்திரி வைக்கணுமே."

நான் செக்கைப் பார்த்தேன். நல்ல கெட்டிக் கடதாசி, ஓரத்தில் இலை வேலைப்பாடு, அக்காவின் பெயர் இங்கிலீசில் தெளிவாக, அடியில் ஒரு வெள்ளைப் பட்டி, அதில் கோணல்மாணலாகச் சில இலக்கங்கள். எனக்குள் ஏதோ ஒன்று, இதைப் போடலாமா என்று கேட்டது. கேட்டது உண்மை. ஆனால் கடையில் புலமைப்பரிசில் ஃபோம் நிரப்ப எட்டுப் பேர் நிற்கிறார்கள், கரண்ட் விட்டு விட்டு வருகிறது. பேங்கில் இருக்கிறவர்கள் எழுத்தைப் பார்த்து, கையெழுத்தைப் பார்த்து, காசைப் போடப் போகிறார்கள், பிளாஸ்டிக்குக்குள் இருந்தால் எழுத்து இன்னும் பளிச்சென்றுதானே தெரியும் என்று நினைத்தேன். மெஷினுக்குள் விட்டேன். சூடாக அந்தப் பக்கம் வந்தது. அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போன் வந்தது. தனுஜா.

"ஜூட்சன் மாமா, பேங்குல எடுக்க மாட்டேங்கிறாங்க. அம்மா இங்கயே ஒக்காந்துட்டாங்க. நீங்க வரமுடியுமா?"

கடையை மூடிவிட்டு ஓடினேன். அக்கா பேங்கில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில், மடியில் செக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கவுண்டரில் இருந்தவள் ஷாமிலா என்ற பிள்ளை. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான், பேச்சிலேயே தெரிந்தது. நான் போன வேகத்துக்கு அவளிடம் சத்தம் போட்டேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"எழுத்து தெரியலயா? கையெழுத்து தெரியலயா? என்ன கொற இதுல?"

அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. "எனக்கு எல்லாம் தெரியுது அண்ணே. மெஷினுக்குத்தான் தெரியாது" என்றாள். பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மெஷினைக் காட்டினாள். என் கடை ஃபேக்ஸ் மெஷின் அளவுதான் இருக்கும். வேறொரு செக்கை எடுத்து அதன் வாயில் வைத்தாள். சர்ரென்று இழுத்து மறுபக்கம் துப்பியது. "இந்த அடி நம்பர் இருக்குல்ல, அது காந்த மை. மெஷின் அத வாசிச்சு, ரெண்டு பக்கமும் படம் புடிச்சு, கொழும்புக்கு அனுப்பும். செக்கு எங்கயும் போகாது, இங்கயேதான் இருக்கும். படந்தான் போகும். இந்தப் பட்டியில ஒரு பேனாக் கோடு விழுந்தாலே தகராறு பண்ணும். பிளாஸ்டிக் போட்டா மொத்தமா இருக்கும், உள்ளயே போகாது அண்ணே."

"அப்ப மெஷின வுடுங்க. நீங்க கண்ணால பாத்து எழுதிக்கங்க."

"அந்தக் காலத்துல அப்படி இருந்திருக்கும். இப்ப நான் எழுதினா எடுக்கறதுக்கு அந்தப் பக்கம் ஆளே இல்ல. இது வேற பேங்க் செக்கு வேற. திருப்பித்தான் அனுப்புவாங்க."

மெனேஜர் வந்தார். சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார். தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் புதுச் செக் கேளுங்கள் என்றார். ஷாமிலா கவுண்டரை விட்டு வெளியே வந்து அக்காவின் முன்னால் குந்தினாள்.

"அம்மா, இத பிரிக்க மட்டும் பாக்காதீங்க. அப்படியே கொண்டு போய்க் குடுங்க. எங்கம்மாவும் கொழுந்துதாம்மா எடுத்தாங்க, எனக்குத் தெரியும்."

அக்கா அவள் முகத்தையே பார்த்தார். "நனையக் கூடாதுன்னுதாம்மா போட்டேன்" என்றார். "நனஞ்சிருந்தாக்கூட எடுத்திருப்பீங்களோ?"

காய்ந்த பிறகு எடுத்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிரிக்காதீர்கள் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்தும், என் குரங்குப் புத்தி கேட்கவில்லை. நான் போட்டதை நானே எடுத்துக் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வெறி. அக்காவையும் தனுஜாவையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். யூடியூபில் பார்த்தேன். ஒருவன் ஸ்திரிப்பெட்டியை வைத்து, ஓரத்தை பிளேடால் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரிக்கிறான். நானும் அதையே செய்தேன். மேல் பாதி அழகாக வந்தது. தனுஜாகூட, "வருது மாமா, வருது" என்றாள். அப்புறம் கீழ்ப்பக்கம் இழுத்தபோது அந்த வெள்ளைப் பட்டி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. செக்கின் அடியில் கடதாசி நாராய்த் தொங்கியது. இலக்கங்கள் எல்லாம் பிளாஸ்டிக்கில் தலைகீழாக ஒட்டியிருந்தன.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவாயில்ல தம்பி, ரெண்டையும் ஒரு கவர்ல போடுங்க" என்றார்.

தோட்டக் கந்தோருக்கு நானும் கூடப் போனேன். பெரிய கிளாக்கர் கெட்ட மனிதர் இல்லை. கவரைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"என்ன லெட்சுமி இது? பிளாஸ்டிக்கோட கொண்டாந்திருந்தாலும் சட்டுனு மாத்தியிருப்பேன். இப்ப நம்பர் இல்லாத செக்கு. கொழும்பு ஹெட் ஆபீசுல நம்ப மாட்டாங்களே. பழசை நிறுத்தணும், சமாதான நீதவான்கிட்ட சத்தியக் கடதாசி வாங்கணும், கணக்கு ஓடிட் பாக்கணும். மூணு மாசம் ஆகும்."

"ஆன்லைன்ல எக்கவுண்டுக்குப் போட்டுற முடியாதா ஐயா?" என்று நான் கேட்டேன்.

"சர்விஸ் காசு கையெழுத்து வாங்கிட்டு கையிலதான் குடுக்கணும் ஜூட்சன். சாவி வாங்கிட்டு."

"சாவிதான் குடுத்தாச்சே ஐயா" என்றார் அக்கா. "அப்ப செக்கு வர்ற வரைக்கும் காம்பிராவத் தாங்களேன்."

கிளாக்கர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "வெறுமனே தர எனக்கு அதிகாரம் இல்ல. தொரை கேப்பாரு. ஒங்க மக பேரப் பதிஞ்சீங்கன்னா நாளைக்கே தாரேன். கொழுந்துக்கு ஆளே இல்லாம கெடக்கு."

அக்கா எழுந்து வந்துவிட்டார். பாலத்தில் நின்று, "அத மட்டும் கேட்டுறக் கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டுத்தான் உள்ள போனேன், அதையே கேட்டாரு தம்பி" என்றார்.

அந்த மாதம் முழுக்க நான் நாயாக அலைந்தேன். சத்தியக் கடதாசி என் செலவில். ஹெட் ஆபீசுக்கு இங்கிலீசில் நாலு கடிதம். போன் பண்ணினால் ஒரு பெண்பிள்ளை, "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது" என்பாள், அதுவும் மெஷின்தானோ என்று எனக்குச் சந்தேகம். ஹட்டனில் வாடகைக்கு அறை பார்த்தோம். ஆறு மாத அட்வான்ஸ் கேட்டார்கள், அக்காவின் அட்வான்ஸ் செல்லசாமியிடம் கிடந்தது. அதைத் திருப்பி வாங்கினால் வீடு கைவிட்டுப் போகும். வாங்காவிட்டால் தங்க இடமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். என் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். என் வீடும் கடைக்குப் பின்னால் ஒரே அறை என்று அக்காவுக்குத் தெரியும். "சும்மா இருங்க தம்பி" என்றுவிட்டார்.

ராசம்மாவின் காம்பிராவில் எட்டுப் பேர் படுத்தார்கள். அக்காவும் தனுஜாவும் அடுப்படியில். ராசம்மா நல்ல மனுஷி, முகம் சுளிக்கவில்லை. ஆனால் மாசி மாதம் அவளுடைய மருமகன் கட்டாரிலிருந்து வருவதாகப் போன் வந்தது. அவன் வந்தால் ஒன்பது பேர். ராசம்மா அதைச் சொல்ல வாய் வராமல் இரண்டு நாள் அடுப்புக்கு முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாளாம். எல்லாம் தனுஜா பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நாங்கள்தான் அவளைப் பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் ஃபார்மசிக்குப் போகிறேன் என்று கிளம்பி, பஸ்ஸில் ஏறாமல் கந்தோருக்குப் போயிருக்கிறாள். பகல் பதினொரு மணிக்கு என் கடைக்கு வந்தாள். கையில் காம்பிராச் சாவி.

"மாமா, அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"அடிப்பாவி" என்றேன். பிறகு, "என் கடையில வேல தாரேன், திருப்பிக் குடுத்துட்டு வா" என்றேன். அவள் சிரித்தாள். "ஒங்க கடையில பதிஞ்சா காம்பிரா குடுப்பாங்களா மாமா?"

அக்காவிடம் அதை நான் சொல்லவில்லை. அவளோடு கூடப் போய் நின்றேன், அவ்வளவுதான். அக்கா அடுப்படியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். சாவியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எழுந்து வந்து மகளை ஓங்கி ஒரு அறை விட்டார். கன்னத்தில் மாவோடு ஐந்து விரலும் பதிந்தது. உடனே அந்தக் கன்னத்தையே பிடித்துக்கொண்டு கத்தி அழுதார். லயத்துக் கதவெல்லாம் திறந்தது.

"ஒனக்காகத்தானடி சாவியக் குடுத்தேன்! ஒனக்காகத்தானடி!"

"மூணு மாசந்தாம்மா" என்றாள் தனுஜா. "செக்கு வந்தவொடன பேர வெட்டிட்டுப் போயிருவோம்."

மூன்று மாதம் என்றார்கள், நான்கு ஆனது. ஃபார்மசியில் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பிள்ளையை எடுத்துவிட்டார்கள். மருந்தாளர் வகுப்பு நின்றது. செல்லசாமி பாவம், மாசிக் கடைசிக்குப் பிறகும் மூன்று வாரம் காத்திருந்தார். மகள் நெருக்கினாள். ஹட்டனில் ஒரு சாமான் கடைக்காரர் கையில் காசோடு வந்து நின்றார். செல்லசாமி அட்வான்ஸை ஒரு சதம் குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்து, "என்னய மன்னிச்சுக்கங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. கிளாக்கர் நல்லவர், மெனேஜர் மரியாதையானவர், செல்லசாமி நேர்மையானவர். எல்லோரும் அவரவர் சரியைச் செய்தார்கள். பிழையைச் செய்த ஒரே ஆள் நான், என்னையும் அக்கா திட்டவில்லை.

வைகாசி முடிகிற நேரம் புதுச் செக் வந்தது. நானும் அக்காவும் போய் வாங்கிக்கொண்டு அப்படியே ஹட்டனுக்கு பஸ் ஏறினோம். மழை இல்லை. அக்கா செக்கை ஒரு கொப்பிக்குள் வைத்து, அந்தக் கொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி வந்தார், பக்கத்துச் சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை. ஷாமிலா எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். செக்கை மெஷினின் வாயில் வைத்தாள். சர்ரென்று போயிற்று. இரண்டு செக்கண்ட் இருக்கும்.

"முடிஞ்சதாம்மா?" என்று கேட்டார் அக்கா.

"முடிஞ்சது அம்மா. நாளைக்கு ஒங்க கணக்குல இருக்கும்."

"இம்புட்டுத்தானா?" என்றார். திரும்ப ஒரு தடவை மெஷினை எட்டிப் பார்த்தார்.

தனுஜா அன்றைக்கு வரவில்லை. வந்தால் அரைச் சம்பளம் போகும்.

அடுத்த நாள் காசு கணக்கில் விழுந்தது என்று மெசேஜ் வந்தது. அதற்கடுத்த நாள் காலையிலேயே அக்கா கந்தோருக்குப் போயிருக்கிறார், மகள் பேரை வெட்டச் சொல்லி. இதைக் கிளாக்கரே என் கடைக்கு வந்து சொன்னார். அவர் ஒரு ஃபோமை எடுத்துக் கொடுத்து, "கையெழுத்து வைங்க. பதினாலு நாளுல சாவியக் குடுத்துறணும்" என்றாராம். அக்கா பேனாவை வாங்கினாராம். எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை, அவர் தன்னையே கேட்டுக்கொண்டாரோ என்னவோ. செல்லசாமியின் வீடு போய்விட்டது. அந்த விலைக்கு இப்போது இந்தப் பக்கத்தில் ஒரு கக்கூஸ்கூட வராது. வாடகைக்குப் போனால் காசு கரைந்துவிடும், கரைந்த பிறகு காம்பிராவும் இல்லை. "கால் மணித்தியாலம் பேனாவ வச்சுக்கிட்டே நின்னா ஜூட்சன்" என்றார் கிளாக்கர். "அப்புறம் பேனாவ மூடி என் மேசையில வச்சுட்டு, வாரேன் ஐயான்னு போயிட்டா."

நான் அன்றைக்குக் கடையில் யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கட்டிய பெண்டாட்டியிடம்கூட எரிந்து விழுந்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவுக்கு, அதாவது குழந்தைகள் காப்பகத்துக்கு, ஃபோம் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னேரம் மூன்றரை மணி. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. திரும்பி வரும்போது ரோட்டுக்கு மேலே மலையில் பெண்டுகள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தனுஜாவை நான் அடையாளம் கண்டது அவள் மெதுவாக எடுத்ததால்தான். இடுப்பில் சாக்குப் படங்கு, முதுகில் கூடை, பத்து விரலில் ஏழில் ஃபார்மசி பிளாஸ்டர். அவளுக்கு ஒரு நிரை தள்ளி இன்னொரு ஆள், கூடை இல்லாமல், கை கொள்ளுமளவு பறித்துப் பறித்துக் கொண்டுவந்து அவள் கூடையில் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கை வேகத்தை நான் எங்கே கண்டாலும் சொல்வேன்.

"அக்கா!" என்று கூப்பிட்டேன். "நீங்க ஓய்வு எடுத்தாச்சு. ஒங்களுக்கு என்ன இங்க வேல?"

"சத்தம் போடாதீங்க தம்பி, கங்காணி காதுல விழப்போவுது." அவர் ரோட்டோரம் வரைக்கும் இறங்கி வந்தார். கை மட்டும் நிற்கவில்லை, வருகிற வழியில் இருந்த செடியிலும் கிள்ளிக்கொண்டே வந்தார். "பதினெட்டு கிலோ இருந்தாத்தான் முழுச் சம்பளம். இவ பதினொண்ணுதான் எடுக்கிறா. மிச்சத்த நான் போட்டுக் குடுக்கிறேன்."

"ஒங்களுக்கு யாரு சம்பளம் தாரா?"

"எனக்கு எதுக்கு? எங்காசுதான் பேங்குல கெடக்கே."

மேலே தனுஜா எங்களைப் பார்த்தாள். கையை ஆட்டவில்லை. குனிந்து மறுபடியும் கிள்ளத் தொடங்கினாள், ஒவ்வொரு கொழுந்தாக, மருந்துக் குளிசை எண்ணுகிற மாதிரி. என்னால்தான் அக்கா இதெல்லாம், என்னை நாலு வார்த்தை திட்டுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மேலே மடுவத்தில், அந்தக் கொழுந்துக் கொட்டகையில், நிறுவைக்கு ஆட்கள் சேர்கிற சத்தம் கேட்டது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி ஏற ஆரம்பித்தார்.

"ரொம்ப நாளைக்கு இல்ல தம்பி" என்றார், என்னைத் தேற்றுகிற குரலில். "இவ கை பழகுற வரைக்குந்தான்."